அம்மா படிப்பை விட்ட காரணம்

கல்லூரி விடுதி, ஓஹியோ
மார்ச் 3, 1954

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா என் கடிதங்களைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படிப்பார் என்பதால், இதை எட்னா சித்தி விலாசத்துக்கு அனுப்புகிறேன். பதற வேண்டாம்.

நம் மெதடிஸ்ட் கல்லூரியின் நூற்றாண்டு வரலாற்றுக்காகப் பழைய குறிப்பேடுகளைத் தட்டச்சு செய்கிறேன். நேற்று 1926இல் உங்கள் பெயர் வந்தது. காய்ச்சலால் படிப்பை விட்டதாகத்தானே சொன்னீர்கள்?

"வைக்கோல் கொட்டகையில் நடனமாடியதற்காக வினிஃப்ரெட் லுட்லோ நீக்கப்படுகிறார். புகார் கொடுத்தவர், மாணவர் ஹார்லன் பீபாடி."

ஹார்லன் பீபாடி, நம் அப்பாவேதான்! வாய்விட்டே படித்துவிட்டேன். நூலகர் திருமதி ஸ்ட்ராத்மன் எட்டிப் பார்த்தார்.

"அட கடவுளே! போட்டுக் குடுத்தவனையேவா உங்கம்மா கட்டிக்கிட்டா?"

தெரிந்துதான் கட்டிக்கொண்டீர்களா, அம்மா? மே மாத நூற்றாண்டு விழாவில் ஆரம்ப ஜெபம் செய்யப்போவதும் நம் பாஸ்டர் அப்பாதான். அந்தப் பக்கத்தை அச்சிடலாமா என்கிறார்கள். உங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். அறைத்தோழி ஊருக்குப் போய்விட்டாள், அறை மிகவும் குளிர்கிறது.

தபால்காரர் வந்துவிட்டார். இப்போதெல்லாம் இங்கே நடனத்துக்குத் தடையில்லை. விழா அன்று மாலை நடனமும் உண்டு. நல்ல காலணியாக எடுத்து வாருங்கள்.

உங்கள் மகள்,
மார்ஜரி