சமாதானம் எங்கள் பெஞ்சில் நின்றுபோன ஞாயிறு

என் உயிருக்கு உயிரான பெரியண்ணே, இப்போது கரண்ட் கட்டே இல்லாத ஊரில் குடியிருக்கும் ஆசீர் அண்ணே,

முதலில் ஒரு சத்தியம். கீழே நான் எழுதப்போவதை இந்த மதுரை ஜில்லாவில் ஒரு ஜீவனும் நம்பாது. மதினி நம்ப மாட்டார். நீ நம்பவே மாட்டாய். பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கே பாதி நம்பிக்கைதான். இருந்தாலும் வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையில் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, முழுப் பயபக்தியோடு எழுதுகிறேன். அப்படியானால் எந்தக் கையால் எழுதுகிறாய் என்று ஆரம்பித்துவிடாதே.

நீ போட்ட சட்டம் வீட்டில் இன்னும் அமலில்தான் இருக்கிறது. “ஜெபராஜ் எதைச் சொன்னாலும் பத்தால வகுத்துக்கங்க” என்று ஊருக்கே சொல்லிவைத்தவன் நீ. நான் முப்பது தோசை தின்றேன் என்றால், “மூணுதான் தின்னுருக்கான், இன்னும் ரெண்டு ஊத்து” என்று மதினியிடம் சொல்லுவாய். உன் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

செய்திகள் சொல்கிறேன். உன் அடக்கத்துக்கு வந்த கூட்டம், கே.கே. நகர் வீட்டிலிருந்து விமான நிலையம் வரை நின்றது. இறங்க வந்த விமானம் ஒன்று உனக்கு மரியாதை செலுத்த மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறங்கியது. வகுத்துக்கொள். மதினி நலம். தினமும் காலையில் உன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வேதாகமத்தின் மேல் வைக்கிறார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. உன் ஸ்கூட்டரை நான்தான் ஓட்டுகிறேன். அது என்னை நம்பாமல் இரண்டு முறை நடுரோட்டில் நின்றுவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நமக்கிடையில் நடந்ததுதான், ஆனாலும் இந்தக் கடிதத்தை ஓரமாய் நின்று வாசிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்.

நம் கோயிலில் ஆண்கள் பக்கம் ஐந்தாவது பெஞ்சு நம்முடையது. அண்ணன் தம்பி மூன்று பேர். வலப்பக்கம் நான், நடுவில் நீ, சுவரோரம் கடைக்குட்டி செல்வின். அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கிற நேரம் வரும். போதகர் ஐயாவின் கையிலிருந்து அது புறப்படும். ஒருவர் கூப்பிய கையை நீட்டுவார், பக்கத்தில் இருப்பவர் அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கிக்கொள்வார், பிறகு திரும்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். கைமாறிக் கைமாறி, பெஞ்சு பெஞ்சாக, கடைசியில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிறவர் வரைக்கும் போகும். கடந்த ஏழு வருஷமாக நான் உனக்குக் கொடுத்தேன், நீ செல்வினுக்குக் கொடுத்தாய். எனக்கும் அவனுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை கிடையாது. எங்கள் சமாதானம் முழுக்க உன் கை வழியாகத்தான் போய்வந்தது.

காரணம் என் வாய். நீ அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

செல்வினின் மகள் ஷீபாவைப் பெண் பார்க்க வந்த நாள். அவனியாபுரத்தில் அவன் லேத் பட்டறைக்கு மேல்மாடி வீடு. கேசரி ஆறிக்கொண்டிருந்தது, ஒருத்தரும் பேசவில்லை. அமைதியைக் கண்டால் எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். பிள்ளையின் தைரியத்தைச் சொல்லுவோமே என்று வாயைத் திறந்தேன். ஐந்து வயதில் தூக்கத்தில் எழுந்தவள், கண்ணைத் திறக்காமலே அவனியாபுரத்திலிருந்து புறப்பட்டு, திருப்பரங்குன்றம் தாண்டி, கீழக்குயில்குடி சமணர் மலை ஏறி, அங்கே கல்லில் வெட்டிய படுக்கையில் ஏறிப் படுத்து மிச்சத் தூக்கத்தையும் முடித்தாள் என்று சொன்னேன். விடிந்து நாங்கள் போய்ப் பார்த்தால், ஒரு மயில் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

மூன்றாம் நாள் தரகர் போன் செய்தார். “பொண்ணுக்குத் தூக்கத்துல நடக்குற வியாதி இருக்காமே. அவங்க யோசிக்கிறாங்க.”

அவர்கள் அத்தோடு யோசித்து முடித்துவிட்டார்கள். உண்மையில் அந்தப் பிள்ளை நடந்தது படுக்கையிலிருந்து அடுப்படி வரைக்கும். நாலே எட்டு. அவர்களுக்குப் பத்தால் வகுக்கத் தெரியவில்லை அண்ணே. தெரியாத இடத்தில் நான் அந்தக் கதையை விட்டிருக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் செல்வின் என் வீட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். உள்ளே வாடா என்றேன். வரவில்லை.

“அம்புட்டுப் பேரும் சிரிக்கணும்னு எம் புள்ளைய வித்துட்டியேண்ணே.”

அவ்வளவுதான் சொன்னான். அப்போதே காலில் விழுந்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? “விடுடா, அந்த மாப்ள மண்டையப் பாத்தா நம்ம பிள்ளை தூக்கத்துலயே எந்திரிச்சு ஓடிருக்கும்” என்றேன். தெருமுனை திரும்புகிற வரை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷீபா என்னை மன்னித்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் கல்யாணத்துக்குப் பத்திரிகையில் என் பேர் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீதான் பிரியாணித் தட்டோடு என்னிடம் வந்தாய். உன் பின்னாலேயே பட்டுச்சேலை சரசரக்க அவளும் வந்தாள். “ஆசீர்வாதம் பண்ணுங்க பெரியப்பா. மேடையிலருந்து நடந்துதான் வந்தேன், கண்ணு முழிச்சுக்கிட்டு” என்றாள். நான் அழுததில் பிரியாணியில் உப்புக் கூடிப்போனது. இதில் வகுக்க ஒன்றுமில்லை.

ஆனால் பெற்றவன் மன்னிக்கவில்லை. நானும் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வழியில் என்ன ஆனதோ, நான் பட்ட துயரத்தில் ஏழு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததாகவும், டாக்டர்களே கைவிட்டதாகவும், கனவில் ஒரு தேவதூதன் வந்து என் காதைத் திருகியதாகவும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். “அண்ணே, நீ மன்னிப்புக் கேக்குறியா, கதை சொல்றியா?” பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லேத்தை ஓடவிட்டுவிட்டான். அந்தச் சத்தத்தில் தேவதூதனே வந்து பேசினாலும் காதில் விழாது.

அதற்கப்புறம் பரமண்டல ஜெபத்தில் மன்னிப்பு வருகிற இடத்தில் எனக்குத் தவறாமல் இருமல் வரும். நீ திரும்பிப் பார்ப்பாய். ஒரு ஹால்ஸ் மிட்டாய் எடுத்துக் கொடுப்பாய். எத்தனை மிட்டாய் அண்ணே! அது தொண்டைக்கில்லை என்று உனக்குத் தெரிந்துதானே கொடுத்தாய்?

கடைசி வாரத்தில் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. சத்தமே வராமல் கேட்டாய். “நான் போயிட்டா, சமாதானத்த யாருடா கைமாத்தி விடுவா?” நான் அதற்கும் ஏதோ ஜோக் அடித்தேன். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாய். இரண்டாவது தரம் எனக்கு ஜோக் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, நீ போன பிறகு வந்த முதல் திருவிருந்து. நான் போனபோது செல்வின் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். நடுவில் உன் இடம், உன் அகலத்துக்கு அப்படியே இருந்தது. வேறு ஒருவரும் அங்கே உட்காரவில்லை. கோயிலில் அன்று நல்ல கூட்டம், பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இருந்தும் அந்த இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. நாங்களும் நகரவில்லை.

சமாதானம் புறப்பட்டது. முதல் பெஞ்சு, இரண்டாவது பெஞ்சு என்று அது வருவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேர்த்தது. ஜல்லிக்கட்டில் வாடிவாசல் திறக்கும்போதுகூட எவனுக்கும் அப்படி வேர்த்திருக்காது. என் வலப்பக்கத்தில் சாமுவேல் சார், பேங்க்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் கையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். இப்போது சமாதானம் என் கையில் இருந்தது.

நான் திரும்பினேன். யோசித்துத் திரும்பவில்லை. ஏழு வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. கூப்பிய கையை உன்னிடம் நீட்டினேன் அண்ணே. நீ இல்லை. உன் இடத்துக்கு மேலே, வெறும் காற்றில் என் கை நின்றது. அப்போதுதான் பார்த்தேன். அந்தப் பக்கமிருந்து இன்னும் இரண்டு கைகள், வாங்குவதற்காக விரிந்தபடி, அதே காற்றில் நின்றுகொண்டிருந்தன. அவனும் உன்னிடம் வாங்கிக்கொள்ளத்தான் திரும்பியிருக்கிறான்.

நடுவில் ஒரு சாண் இருக்கும். நீட்டின கையை இழுத்துக்கொள்ள அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன். மீசை நரைத்துவிட்டது. ஏழு வருஷமாக நீ நடுவில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் எனக்கு அது தெரியாமல் போயிருக்கிறது.

சாமுவேல் சார் என் விலாவில் இடித்தார். “ஜெபராஜ், சமாதானத்த கையில வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? பின்னாடி ஆறு பெஞ்சு காத்துக்கிட்டு இருக்கு. விடுங்க சார்.”

எனக்கு ஆயிரம் வசனம் வந்தது. பட்டினி, டாக்டர், தேவதூதன் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஒருத்தரையும் உள்ளே விடவில்லை.

“செல்வினு, மன்னிச்சிருடா. நான் சொன்னது பொய். பிள்ளை வாழ்க்கையில விளையாண்டுட்டேன்.”

அவன், பெரியண்ணே, அச்சு அசலாக உன் குரலில் கேட்டான்.

“எத்தனையால வகுக்கணும்?”

“வகுக்காதடா. முழுசா எடுத்துக்க.”

“அம்புட்டுமா?”

“அம்புட்டும்.”

அந்தச் சாண் தூரத்தை யார் கடந்தது என்று எனக்குத் தெரியாது. என் கை அவன் கைக்குள் இருந்தது. அப்போது நடந்ததைக் கேள். கோயில் மணி தானாக அடித்தது. மின்விசிறிகள் பன்னிரண்டும் ஒரு விநாடி நின்று, எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கின. பெண்கள் பக்கத்தில் விட்ட கண்ணீரில் பாய்கள் மிதந்தன. போதகர் ஐயா தன் பிரசங்கங்களை எல்லாம் வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். வைகையில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் வந்தது. செல்வின் பின்னால் திரும்பி, ஆறு பெஞ்சுக்கும் சமாதானத்தை விட்டான்.

ஆராதனை முடிந்து வாசலில் ஷீபா நின்றாள். ஏழாம் மாதம் அவளுக்கு, உனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படியிறங்குவதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். “பெரியப்பா, அப்பாகிட்ட என்ன கதை விட்டீங்க?”

“கதை விடலம்மா.”

“நம்பிட்டேன்” என்று சிரித்தாள்.

செல்வின் செருப்பைத் தேடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “பொறக்கப்போறதுக்குக் கதை சொல்ல ஆளு வேணும்ல. வந்து சொல்லு. ஆனா தூரத்த மட்டும் கொறச்சுச் சொல்லு.”

மன்னிப்பை ஆண்டவர் கணக்கில்லாமல் கொடுக்கிறார் என்று எத்தனையோ தரம் பிரசங்கத்தில் கேட்டுத் தூங்கியிருக்கிறேன். கேட்கிறவன் மட்டும் கணக்காய்க் கேட்க வேண்டும் என்பது எனக்கு இந்த வயதில்தான் விளங்குகிறது. மசாலா சேர்த்தால் அது போய்ச் சேராது போலிருக்கிறது. நீ இதை எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே அண்ணே? இல்லை, அந்த மிட்டாயெல்லாம் அதைத்தான் சொன்னதா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த திருவிருந்தில் உன் இடம் காலியாக இருக்காது. நான் இந்தப் பக்கமிருந்து நகர்ந்து உட்காருவேன், அவன் அந்தப் பக்கமிருந்து நகர்வதாகச் சொல்லியிருக்கிறான். ஒரு ஆள் இடம், நாங்கள் இரண்டு பேர், நம் குடும்பத்து இடுப்புச் சுற்றளவும் உனக்குத் தெரியும். நெருக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும். உட்காருவோம்.

இனி உன் சட்டப்படி நீயே வகுத்துக்கொள். மணி அடிக்கவில்லை. மின்விசிறி எப்போதும்போல்தான் சுற்றியது. போதகர் ஐயா ஒரு பிரசங்கத்தையும் வாபஸ் வாங்கவில்லை, போன வாரத்துப் பிரசங்கத்தையும் சேர்த்துப் பிரசங்கித்தார். வைகை மணலாகத்தான் கிடக்கிறது. எல்லாம் கழிந்த பிறகு சின்னதாக ஒன்று மிஞ்சும், அதை மட்டும் வகுக்காதே. நாங்கள் இரண்டு பேரும் உன் கையைத் தேடித்தான் கையை நீட்டினோம். அது உண்மை.

இப்படிக்கு,
உன் தம்பியும்,
ஏழு வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் செல்வினுக்கு அண்ணனுமான
ஜெபராஜ்