தீவு வீட்டுக்குப் பத்து நாள்

2024 ஒக்டோபர் 1, செவ்வாய்

காலையில் தபால்காரன் பதிவுக் கடிதம் ஒன்று கொண்டுவந்தான். ஒப்பம் கேட்டான். முன்பென்றால் ஒரு கோடு இழுத்து அதற்கு மேல் ஒரு சுழி போடுவேன். இன்று என் பெயரை முழுதாகத் தமிழில் எழுதினேன். அவனுடைய கைக்கருவியின் கண்ணாடியில் விரலால் எழுத வேண்டும். இரண்டு தரம் எழுத்து வழுக்கிப் போயிற்று. மூன்றாம் தரம் வந்தது. அவன் மாடிப்படியைப் பார்த்தபடி பொறுமையாக நின்றான். எழுபத்திரண்டு வயதில் என் பெயரை ஒருவன் காத்து நின்று வாங்கிக்கொண்டு போகிறான்! கதவைச் சாத்திய பிறகும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கடிதம் பிரெஞ்சில். படம் பிடித்து லக்ஸனுக்கு அனுப்பினேன். லக்ஸன் என் தம்பியின் மகன். கரீபியன் கடலில் குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். அங்கே எனக்கு வீடு பார்த்துத் தந்ததும் அவன்தான்.

“பெரியப்பா, இது சட்டப்படி அனுப்புற கடிதம். வீடு வேண்டாமெண்டால் நாளையில இருந்து பத்து நாளுக்குள்ள ஒரு கடிதம் போடலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.”

“போடாட்டி?”

“ஒண்டும் செய்யத் தேவையில்லை. வீடு உங்களுக்குத்தான்.”

“ஒண்டும் செய்யாமல் இருக்க எனக்கு நல்லா வரும்.”

அவன் சிரித்தான். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

என் மனைவி கமலநாயகியின் முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி, நேற்று முன்தினம் முடிந்தது. அவள் போன நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சவப்பெட்டி எந்த நிறம் என்று கேட்டார்கள். ஓம் என்றேன். எத்தனை பேருக்குச் சாப்பாடு என்றார்கள். அதற்கும் ஓம். எட்டாம் நாள், எட்டுச் செலவன்று லக்ஸன், “வீட்டுக்காரர் அவசரப்படுறார், எடுக்கட்டோ?” என்று கேட்டான். ஓம் என்றேன். அனுப்பிய தாளில் ஒப்பமும் வைத்தேன்.

ஒக்டோபர் 2

சோறு வடித்தேன். சாப்பிட்டேன். எழும்பிப் பார்த்தால் கறி அடுப்பிலேயே இருக்கிறது.

ஒக்டோபர் 3, விடுமுறை

மகள் பிரபாலினி வந்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். நாற்பது வருடமாக யாராவது தாளை நீட்டினால் நான் சொல்லும் பதில், “கண்ணாடியை மறந்திட்டன்.” பாவம், அதை நம்பி அவள் எனக்கு ஆறு கண்ணாடி செய்து தந்தாள். ஒன்றிலும் எழுத்துத் தெரியவில்லை! எனக்கு வாசிக்கவே வராது என்பது போன மாசியில்தான் அவளுக்குத் தெரியும்.

இன்று ஒரு விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“அப்பா, அம்மாவை அங்க கொண்டுபோறதுக்கு அன்ட்ராக். எல்லாம் நிரப்பிப்போட்டன். நீங்கள் ஒப்பம் வைச்சால் சரி.”

இந்த ஜேர்மனியில் சாம்பலை வீட்டில் வைத்திருக்க விடமாட்டார்கள். எரித்து ஆறு கிழமைக்குள் ஓரிடத்தில் வைக்க வேண்டும். எங்களுக்கு 16ஆம் திகதி கடைசி நாள். தாயை அந்தத் தீவுக் கடலில் கரைப்பது, வீட்டு வாசலில் தாயின் பெயரைப் போடுவது என்று பிரபாலினி முடிவு செய்துவிட்டாள். தொலைபேசியில் பெயர்ப்பலகையின் படம்கூட இருந்தது. கறுப்பில் பொன் எழுத்து.

“அம்மாவின்ர கடைசி ஆசை, அப்பா. அதையாவது வடிவாச் செய்வம்.”

நான் தாளைப் பார்த்தேன். எல்லாம் ஜேர்மன் எழுத்து. “கண்ணாடியை மறந்திட்டன்” என்றேன்.

“கண்ணாடி உங்கட மூக்கிலதான் இருக்கு.”

“வைச்சிட்டுப் போ. வாசிச்சுப்போட்டு வைக்கிறன்.”

“அது டொச்சில இருக்கு.”

“மெதுவா வாசிக்கிறன்.”

போய்விட்டாள். இதை யாரும் வாசிக்கப் போவதில்லை. அதனால் எழுதுகிறேன். கமலநாயகிக்கு அந்தத் தீவில் ஆசை இல்லை. ஆசை எனக்கு. ஆவணியில் ஆஸ்பத்திரி நடையில் வைத்துப் பிரபாலினி கேட்டாள், “அம்மா இப்பிடிக் கிடக்கேக்க லக்ஸனோட என்ன வீட்டுக் கதை?” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “கொம்மாவின்ர ஆசை” என்று சொல்லிவிட்டேன். அதை அவள் செத்தவீட்டில் ஒலிவாங்கி பிடித்துச் சொன்னாள். சனம் அழுதது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன்ரா மனுசா, அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே?

கமலநாயகி என்னிடம் சொன்னது வேறு. கட்டிலில் கிடந்தபடி சொன்னாள்.

“கொழும்பு, பெர்லின், எசன் எண்டு இழுபட்டுக் களைச்சுப்போனன். செத்த பிறகாவது ஒரு இடத்தில இருக்க விடுங்கோ. பிரபா வேலைக்குப் போற டிராம் வழியில ஒரு சவக்காலை இருக்கெல்லே, அதில வையுங்கோ.”

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். அதற்கும் ஓம் என்றேன்.

ஒக்டோபர் 4, வெள்ளி

தாள் மேசையில் கிடக்கிறது. ஒப்பம் வைக்கவில்லை.

தையில் நானும் கமலநாயகியும் இரண்டு கிழமை லக்ஸனிடம் போயிருந்தோம். எழுத எழுத நினைவு வருகிறது. ஆனால் யாரோ வேறு ஒருவர் போன பயணம்போல இருக்கிறது.

காலையில் செருப்பில்லாமல் முற்றத்தில் நடந்தேன். விற்பனைக்கு இருந்த வீட்டின் பின்னால் ஈரப்பலா மரம். ஒரு காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, இனி இங்கேதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மத்தியானம் கடலோரத்துச் சாப்பாட்டுக் கடை. கமலநாயகி பட்டியலை வாசித்தாள். கோழி ‘கொலம்போ’, அதாவது கொழும்பு, என்று இருக்கிறதாம். அங்கே இறைச்சிக் கறிக்கு அதுதான் பெயர்.

“பாருங்கோ, ஓடி வந்த ஊரைச் சட்டியில வைச்சுக் கொதிக்க விட்டிருக்கினம்” என்றாள். நான் தண்ணீர் புரையேறும்வரை சிரித்தேன்.

மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. அந்தக் காலத்தில் கரும்பு வெட்டக் கொண்டுபோன தமிழரின் பேரப்பிள்ளைகள் கட்டியது. பூசாரிக்கு எங்கள் முகம்தான், வாயைத் திறந்தால் பிரெஞ்சு. பாட்டு மட்டும் தமிழ். அதன் பொருள் அவருக்குத் தெரியாது. என் கையை அவர் விடவேயில்லை.

அவளுக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கால் முழுக்க நுளம்புக் கடி. காற்றாடிக்கு முன்னால் இருந்துகொண்டு, “எங்கட பருத்தித்துறை வெயிலை ஆராவது காசு குடுத்து வாங்குவினமோ?” என்றாள். திரும்பி வரும்போது விமானத்தில் சொன்னாள்:

“உங்களுக்கு ஆசையெண்டால் போய் இருங்கோ. நான் குறுக்க நிக்கேல்ல. நான் பிரபாவோட இருக்கிறன். ஆனால் தனியப் போறதெண்டால் முதல்ல வாசிக்கப் பழகுங்கோ. மருந்தை மாத்திக் குடிச்சுச் சாகாதையுங்கோ.”

“அங்க பிரெஞ்செல்லோ?”

“முதல்ல ஏதாவது ஒண்டைப் பழகுங்கோ.”

மாசியில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவளே என் பெயரைக் கொடுத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் இன்று எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஒக்டோபர் 5, சனி

பள்ளி. ஆண்டு ஒன்றில் பதினொரு பிள்ளைகளும் நானும். அவர்களின் கதிரை எனக்குக் கொள்ளாது. ஆசிரியை சுலோஜனா தன் கதிரையைத் தந்துவிட்டு நின்றுகொண்டே படிப்பிப்பா. பக்கத்துச் சின்னவள் என் கொப்பியை எட்டிப் பார்த்து, “தாத்தா, உங்கட எழுத்தெல்லாம் படுத்திருக்குது” என்றாள். “வயசு போட்டுது, அதான் படுத்திருக்குது” என்றேன். வகுப்பே சிரித்தது.

இன்று பாடம் கடிதம் எழுதுவது. பிள்ளைகள் சிநேகிதருக்கு எழுதினார்கள். நான் ‘அன்புள்ள மகள் பிரபாலினிக்கு’ என்று தொடங்கினேன்.

“காட்டுங்கோ ஐயா, பிழை பாத்து விடுறன்” என்று சுலோஜனா வந்தா.

கையால் மூடினேன். “பிழையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறன் பிள்ளை.”

அவ அடுத்த மேசைக்குப் போய்விட்டா.

ஒக்டோபர் 7

கடிதம் முடிந்தது. பதினாறு வரி. இன்னொருவர் வாசிக்கவென்று இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இப்படியொரு விஷயத்தை எழுதிப்போட்டுச் சந்தோஷப்படலாமோ?

ஒக்டோபர் 8, செவ்வாய்

வேலை முடிந்து பிரபாலினி வந்தாள். கையில் கடை உடுப்பும் தோளில் பையும்.

“ஒப்பம் வைச்சீங்களோ? நாளைக்கு நான் குடுக்கோணும்.”

அன்ட்ராக்குக்குப் பதிலாக என் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்தது. “நீங்கள் எழுதினதோ? எனக்கோ?” பையைக் கீழே வைத்துவிட்டு இருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அப்பா, என்ர பேர் மட்டும்தான் விளங்குது. நான் தமிழ்ப் பள்ளியை ஆண்டு இரண்டோட விட்டிட்டன் எல்லே. நீங்களே வாசியுங்கோ.”

இதை நான் யோசிக்கவேயில்லை. தாளைக் கொடுத்தால் அவள் வாசிப்பாள், நான் அப்போது குசினிக்குள் நின்று தேத்தண்ணி போடலாம் என்று நினைத்திருந்தேன்.

வாசித்தேன். என்னால் வேகமாக வாசிக்க ஏலாது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். முதல் ஐந்து வரிக்கும் அவள் சிரித்த முகத்தோடு இருந்தாள். நான் கூட்டும் சத்தத்தை வைத்தே சில சொற்களை எனக்கு முன்னால் அவள் சொல்லி முடித்தாள். ஆறாம் வரியில் ‘அம்மாவின் ஆசை இல்லை’ என்று வருகிறது. ‘அம்மாவின்’ வந்தது. ‘ஆசை’ வந்தது. அடுத்த சொல்லில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் உதவி செய்யவில்லை. நானே வாசித்தேன். மிச்சம் பத்து வரி. பத்தையும் வாசித்தேன். டிராம், சவக்காலை, எல்லாம்.

“அப்ப நான் மைக்கில சொன்னது?”

“என்ர பொய்.”

“எல்லாற்ற முகத்துக்கு முன்னாலயும் அப்பா. நான் அழுதழுது சொன்னனான். நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்.”

“ஓம்.”

“ஓம் ஓம் ஓம். வேற ஒண்டும் வராதோ உங்களுக்கு?”

அன்ட்ராக்கை எடுத்து நாலாகக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். என் கடிதத்தை எடுக்கவில்லை. எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஒக்டோபர் 9

பிரபாலினிக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன். மணி மட்டும் அடித்தது.

ஒக்டோபர் 10

பிரபாலினியே எனக்கு எடுத்தாள். “நாளைக்குப் பத்து மணிக்குச் சவக்காலைக் கந்தோரில தேர்மின். வந்திடுங்கோ.” அந்த அலுவலகத்தில் நேரம் குறித்துவிட்டாள், அவ்வளவுதான்.

ஒக்டோபர் 11, வெள்ளி

சவக்காலைக் கந்தோர் சுத்தமாக, சூடாக இருந்தது. மேசையில் இனிப்புக்கூட வைத்திருந்தார்கள். அங்கிருந்த பெண் ஒரு வரைபடத்தை விரித்து, டிராம் பாதைக்கு அருகில் ஒரு இடத்தைக் காட்டினா. பிறகு கேட்டா: ஒருவருக்கோ, இருவருக்கோ? அந்த அளவு டொச் எனக்கு விளங்கும்.

“ஒண்டு” என்று பிரபாலினி டொச்சில் சொன்னாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெண் எழுதிக்கொண்டா.

வெளியில் வந்ததும் அவள் கடைக்குப் போக ஒரு பக்கம், நான் வீட்டுக்குப் போக மற்றப் பக்கம். டிராமில் இருந்தபோது நெஞ்சைப் பிடித்தது. மாரடைப்பாக்கும் என்று பயந்து அடுத்த தரிப்பில் இறங்கி அங்கிருந்த நீள வாங்கில் உட்கார்ந்தேன். மாரடைப்பு இல்லை. அந்த ‘ஒண்டு’ வலிக்கிறது. கமலநாயகி செத்து ஆறு கிழமைக்குப் பிறகு எனக்கு ஒன்று வலிக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டு டிராமைப் போகவிட்டேன்.

பின்னேரம் லக்ஸன் எடுத்தான். இன்றோடு பத்து நாள் முடிகிறது.

“பெரியப்பா, பிரபா அக்கா கோவமெண்டு கேள்விப்பட்டன். வேண்டாமெண்டால் இப்பவும் எழுதலாம். நான் பிரெஞ்சில எழுதிப் படம் அனுப்புறன், நீங்கள் பார்த்து எழுதினால் சரி.”

யோசித்தேன். இப்போது விட்டுக்கொடுத்தால் பிரபாலினிக்கு ஆறுதலாக இருக்கும். நானும் நல்லவனாகலாம். ஆனால் அதுவும் இன்னொரு பொய். அந்த முற்றத்தில் செருப்பில்லாமல் நடந்தது நான்தான்.

“எனக்கு அந்த வீடு வேணும்” என்றேன்.

“ஆ?”

“எனக்கு. எனக்கு வேணும். கமலநாயகியின்ர பேரை எங்கயும் போடாதை.”

ஒக்டோபர் 15

சாம்பலை வைத்தோம். மழை. பானையைப் பிரபாலினிதான் இறக்கினாள். ஈர இலையில் என் கால் சறுக்கியபோது முழங்கையைப் பிடித்தாள். நேராக நின்றதும் விட்டுவிட்டாள். ஒரு டிராம் போனது. உள்ளே விளக்கு எரிந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

தை ஒன்பதாம் திகதிக்கு விமானச் சீட்டுப் போட்டாயிற்று. மூன்று மாதம் இருக்கப் போகிறேன். வீட்டுத் திறப்புக் கொத்து லக்ஸனிடம் இருக்கிறது. ஈரப்பலா காய்த்திருக்கிறதாம், படம் அனுப்பியிருந்தான். கிழமைக்கு ஒரு தரம் பிரபாலினி தொலைபேசியில் என் மருந்துகளைப் பற்றிக் கேட்கிறாள். வேறு கதை இல்லை.

இன்று சவக்காலைக் கந்தோரிலிருந்து தாள் வந்தது. மேசையில் விரித்து விரலை வைத்தேன். ஜேர்மன் எழுத்து எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. கமலநாயகியின் பெயர் உடனே பிடிபட்டது. திகதி தெரிந்தது. அதற்குக் கீழே, எத்தனை இடம் என்ற கட்டத்தில் 2 என்று இருந்தது. அன்று ‘ஒண்டு’ என்றுதானே சொன்னாள் என்று மற்றப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் 2.

பிரபாலினிக்கு எடுத்தேன். பின்னால் கடைச் சத்தம் கேட்டது.

“சவக்காலைத் தாள் வந்திருக்கு” என்றேன்.

“ம்.”

“வாசிச்சன்.”

அவள் ஒரு பக்கம் ஒதுங்கினாள்போல, கடைச் சத்தம் குறைந்தது.

“முழுக்கவோ?”

“முழுக்க ஏலாது. இலக்கம் மட்டும்.”

“சரி அப்பா” என்றாள். “ஆள் நிக்குது, பிறகு எடுக்கிறன்.”