பத்துப் பற்கள்

தாஷ்கண்ட், மார்ச் 4, 2019

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் இருவரும் கத்துகிறோம், அதனால் எழுதுகிறேன். என்னைக் கேட்காமல் பல் மருத்துவரிடம் நாள் குறித்துவிட்டாய். போனேன். வாயைப் பார்த்தார். "பத்தொம்பது வயசும்மா உனக்கு. ஒரு சொத்தை கிடையாது. வெனீர் ஒட்டணும்னா பத்துப் பல்லைச் சீவி, மேல பீங்கான் ஓடு வைக்கணும். சீவினது வளராது. ஆயுசுக்கும் அந்த ஓடுகளை மாத்திக்கிட்டே கெடக்கணும். தெத்துப்பல்லுக்குக் கம்பி போதும், ஒண்ணரை வருஷம்" என்றார்.

கல்யாணம் மே மாதம். கம்பி கழற்றும்வரை சர்தோரின் அம்மா பொறுக்கமாட்டாராம். அவர் மகனுக்கு என்னைக் கட்டிவைக்கிறீர்களா, பல்லையா?

மோஹிரா


உர்கெஞ்ச், மார்ச் 11

மகள் மோஹிராவுக்கு,

உன் கடிதத்தை அப்பா சத்தமாகப் படித்தார், பாதியில் நிறுத்திவிட்டார்.

கல்யாணத்துக்கு மறுநாள் நீ குனிந்து வணங்குவாய். அந்த வீட்டுப் பெண்கள் நாற்பது பேர் முகத்திரையைத் தூக்கிப் பார்ப்பார்கள். சர்தோரின் அம்மா தன்மையாகத்தான் சொன்னார்: "பொண்ணு தங்கம். வாயத் தொறந்தாத்தான் கொஞ்சம் இடிக்குது."

எனக்கும் கல்யாணத்துக்கு முன் நல்ல பல் ஆறைச் சீவித் தங்கம் கட்டினார்கள். செத்தா போனேன்?

அம்மா


தாஷ்கண்ட், மார்ச் 17

அம்மா,

சாகவில்லை. ஆனால் நீ ஓர் ஆப்பிளைக் கடித்து நான் பார்த்ததில்லை, நறுக்கித்தான் தின்கிறாய். விடுதிக்கு வந்தபோது என் தோழிகள் எதிரே வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாய். அன்று தங்கம் அழகு, இன்று அதற்கு வெட்கப்படுகிறாய். இந்த வெள்ளைக்கு நான் எந்த வயதில் வெட்கப்பட வேண்டும்?

வரமாட்டேன் என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டேன்.

மோஹிரா


உர்கெஞ்ச், மார்ச் 29

மோஹிரா,

நான் வாயை மூடியதை நீ எழுதியிருக்க வேண்டாம். கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஆனாலும் சர்தோர் வீட்டுக்குப் போனேன். "கம்பிதான் போடுறோம், கல்யாணத்தன்னிக்கும் இருக்கும்" என்றேன். "கம்பியோட மருமகளா? சனம் சிரிக்கும். அப்ப வேற எடம் பாத்துக்குங்க" என்றார் அவன் அம்மா. தேநீரைத் தொடாமல் எழுந்தேன். சர்தோர் வாசல்வரை வந்தான். என் காலணியைத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அவர்கள் தந்த நிச்சயத் துணி மூட்டை நடையில் இருக்கிறது. திருப்பி அனுப்பினால் எல்லாம் முடிந்தது. அப்பா கூடாது என்கிறார். மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. எனக்குப் பல் சீவிய அன்று என்னைப் பிடித்துக்கொள்ள நான்கு பேர் இருந்தார்கள். உனக்கு இது வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூட்டையை அனுப்பவா, வைத்துக்கொள்ளவா? நீ சொல்.

அம்மா