மூப்பர் வரும்போது ஒளிந்துகொள்ளாதே

மரினஸ்,

நான் மிடல்பர்க்கில் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் சபை மூப்பர் உன்னைச் சந்திக்க வீட்டுக்கு வருகிறார். காப்பியோடு வெண்ணெய் கேக்கையும் எடுத்து வை. போன வருஷம் மாதிரி உருளைக்கிழங்குக் கிடங்குக்குள் போய் ஒளிந்துகொள்ளாதே. கிடங்குச் சாவி என் பையில் இருக்கிறது, தேடாதே.

ஏன் அப்பமும் திராட்சரசமும் வாங்கத் திருவிருந்துக்கு வருவதில்லை என்றுதான் கேட்பார். "தேவன் தேர்ந்தெடுத்தவங்கள்ல நானும் ஒருத்தனான்னு எனக்கெப்படித் தெரியும்?" என்று அதே பல்லவியைப் பாடாதே. கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. தேவனுடைய தீர்மானத்தை எட்டிப் பார்ப்பது நம் வேலையா? "வாங்க" என்று அவர் கூப்பிடுவது மட்டும் உன் காதில் விழாதா? கல்யாணமான நாளிலிருந்து நான் தனியாகத்தான் திருவிருந்து மேசைக்குப் போகிறேன். நீ பெஞ்சில் உட்கார்ந்து பெப்பர்மின்ட் சப்புகிறாய். இது பணிவு இல்லை, வீம்பு.

நெல்ச்சே

பி.கு.: அடுப்பில் பட்டாணி சூப் இருக்கிறது. நேற்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாயே, அதற்கப்புறம்தான் வைத்தேன், உனக்குப் பிடித்த பன்றிக்கால் போட்டு. நீ இதற்கு லாயக்கா என்று நான் யோசிக்கவில்லை. நீயும் யோசிக்காமல் உட்கார்ந்து சாப்பிடு.