பார்க்காமல் சொன்ன "ஒருத்தரும் இல்லை"

பெப்ரவரி, ஞாயிறு

"பார்க்காமலே சரி போட்டா ஆருக்குத் தெரியும், ரீச்சர்?" என்று முன்பு என் வகுப்பில் ஒரு மாணவி சரிபார்ப்புப் பட்டியலைக் காட்டிக் கேட்டாள்.

இன்று பனிச்சறுக்கு மலையை மூடும் நேரம். வழக்கம்போல் மீட்புத் தொண்டர்கள் நாங்கள் ஆளுக்கொரு பாதையால் கடைசியாக இறங்கி, யாராவது விழுந்து கிடக்கிறார்களா என்று பார்த்தோம். "என்ர பாதையில ஒருத்தரும் இல்லை," என்றார் எங்களில் ஒருவரான நேசன் அண்ணை வோக்கி-டோக்கியில்.

கீழே ஒரு தாய் மகளைக் காணாமல் அழுதாள். தேடிப் போனேன். அண்ணையின் பாதையில்தான் அந்தப் பிள்ளை கால் முறிந்து கிடந்தாள், உதடு நீலம் பாரித்திருந்தது.

அவளை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டு மொன்றியல் திரும்பும்போது காரில் அண்ணை சொன்னார்: "சரியான குளிர், குறுக்கால இறங்கிட்டன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, ரீச்சர்."

எனக்குச் சறுக்கப் பழக்கியவர். அவர் குரலை நம்பித்தான் இத்தனை குளிர்காலமும் இறங்கினேன்.

எனக்கே எழுதிக்கொள்கிறேன்: விடிந்ததும் தொண்டர் பொறுப்பாளரிடம் சொல்.