இரண்டு எண் போட்ட கட்டுமரம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஈஜிபுரா சிக்னலில் முக்கால் மணி நேரம். பஸ் கண்ணாடியில் நீர் வழிய, வெளியே ஆட்டோ, கடை, மனிதர் எல்லாம் மிதந்தன. பாதித் தூக்கம்.

ஆபீஸில் புது வேலை. வெள்ளைக்காரன் காலத்துத் துறைமுகப் பதிவேடு. ஸ்கேன் பார்த்து டைப் அடிக்க வேண்டும். விதிகள்: மீன்பிடிக் கட்டுமரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அதன் எல்லாக் கட்டையிலும். இருட்டுவதற்குள் கரை. சுங்க ஆபீஸ் எதிரே மட்டும் ஒதுங்கணும். எல்லாம் கடத்தலைத் தடுக்க.

சூசை என்பவனின் கட்டுமரத்தில் ஒரு கட்டையில் 17, இன்னொன்றில் 32. 'போலி எண். கடத்தல் சந்தேகம். பறிமுதல்.' ஆள் விவரத்தில் 'கடத்தல்காரன்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். பயறு ஊறவைக்க மறந்தாச்சு.

ஜூலை 9, புதன்

வெயில். டிபன் பாக்ஸ் திறக்கும்போது பக்கத்து சீட் ஜெனிபரிடம் இதைச் சொன்னேன். கடலூர்ப் பக்கம், மீனவர் வீட்டுப் பெண். சிரித்தாள்.

"ஐய, கரைக்கு வந்ததும் கயித்த அவுத்து கட்டைய தனித்தனியா காயப் போடுவாங்கக்கா. நம்மளுது ஊறிக் கெடந்தா அண்ணன் தம்பி கட்டைய எடுத்துக் கட்டிட்டுப் போறதுதான். அதுக்கா புடிச்சாங்க?"

டிபன் பாக்ஸை மூடினேன். ஓடிப்போய்ப் பக்கத்தைத் திறந்தேன். ஓரத்தில் பொடி எழுத்தில் சூசை சொன்னது: '32 என் தம்பியின் கட்டை.' நேற்று அதை நான் படிக்கவே இல்லை.

மத்தியானமெல்லாம் நினைப்பு அங்கேயே. மணல் முழுக்கக் கட்டைகள், வெயில் காய்கின்றன. கடலை ஒரே ஒரு தரம் பார்த்தவள் நான்.

ஜூலை 10, வியாழன்

அரை நாள் லீவு. அப்பாவுக்குக் கண் பரிசோதனை. மெட்ரோ வாசலில் காவலர் கேட்கும் முன்பே அப்பா செருப்பைக் கழற்றி, இரண்டு கையையும் தூக்கி, வாயைத் திறந்து காட்டினார். தங்கவயல் சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து மேலே வரும்போதெல்லாம் இப்படித்தான் சோதிப்பார்களாம். ஒரு பொட்டுத் தங்கம் எடுத்ததில்லை.

"பேட தாத்தா, ஹோகி" என்றார் காவலர், வேண்டாம் போங்க என்று கன்னடத்தில். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம், அழுகை.

ரயிலில் சூசை விஷயம் சொன்னேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கீழே தகரக் கூரைகள் நனைந்து, அலை அலையாக. இறங்கவே மனசில்லை.

ஜூலை 11, வெள்ளி

மேகம். மழை இல்லை. அனுப்பியதைத் திறந்து தரச் சொல்லி டீம் லீடர் மஞ்சுநாத்திடம் கேட்டேன்.

"ஏன்ம்மா, எப்பவோ செத்தவனுக்கு நீ லாயரா? பேஜ்ல இருக்கறத அடி, அஷ்டே, அவ்ளோதான்."

"பேஜ்ல இருக்கறதத்தான் சார் விட்டுட்டேன்."

பத்து நிமிஷம் திறந்து தந்தார். 'கடத்தல்காரன்' போய் 'குற்றம் சாட்டப்பட்டவர்'. குறிப்பில் சூசை சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை. சந்தோஷம்தான்.

அப்புறம் அடுத்த பக்கம். 'கட்டைகள் விறகாக ஏலம்.' அதற்குப் பிறகு சூசை பெயர் எங்கும் இல்லை.

வீட்டில் அப்பா கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, மூடிப் படுத்திருந்தார்.

"அந்த ஆள விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்கப்பா."

"கட்டைய?"

"குடுத்துட்டாங்க. ரெண்டையும்."