வெள்ளைமேல் வெள்ளை எழுத்து

மார்ச் 4, திங்கள்

இன்றும் தேடிப் பார்த்தேன். 'பேச்சுப் பயிற்சி' என்று அடித்தால் முதல் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்த அக்காவின் இணையதளம், பக்கம் பக்கமாகத் தள்ளியும் கண்ணில் படவில்லை. அக்காவிடம் வருகிறவர்கள் பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள், திக்குகிறவர்கள். அவர்கள் வீட்டார் தேடிப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். காலையிலிருந்து ஒரே ஒரு போன், அதுவும் ராங் நம்பர். வாயசைவைப் பார்த்துப் பழகுவதற்காக வைத்திருக்கும் கண்ணாடியை அக்கா துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தளத்தைக் கவனிப்பது என் வேலை. போன மாதம்தான் கேள்வி-பதில் பகுதியை மடித்து வைத்தேன். கேள்வி மட்டும் தெரியும், தொட்டால் பதில் விரியும். மடித்ததைத் தேடல் இயந்திரம் படிக்காதோ? நான்தான் காரணமா?

மார்ச் 5

இதைப் பற்றி எங்கே படித்தாலும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சரி, நாமே பார்த்துவிடுவோம். உலகத்தில் இல்லாத இரண்டு சொற்களை உண்டாக்கினேன். 'குலுமிங்கா'வை மடித்த பதிலுக்குள் போட்டேன். அது பக்கத்தோடு கூடவே வந்து இறங்கிவிடும், கண்ணுக்குத்தான் தெரியாது. 'தப்பிரோசி'யை, யாராவது தொட்ட பிறகே வந்து சேரும்படி வைத்தேன்.

அக்கா எட்டிப் பார்த்து, இது எந்த ஊர்ப் பாஷை என்றாள். உச்சரிப்புப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளேன் என்றேன். நிஜமாகவே குறித்துக்கொண்டாள்.

மார்ச் 8

ஒன்றும் இல்லை.

மார்ச் 11

குலுமிங்கா கிடைத்துவிட்டது! அதைத் தேடினால் உலகத்திலேயே எங்கள் தளம் ஒன்றுதான் வருகிறது. தப்பிரோசி வரவில்லை. ஆக, இயந்திரம் எதையும் தொட்டுத் திறப்பதில்லை. ஆனால் வந்து இறங்கியதை, மடித்திருந்தாலும், படித்துவிடுகிறது. நான் தப்பித்தேன்.

அப்புறம்தான் உறைத்தது — அப்படியானால் ஏன் கீழே போனோம்?

மார்ச் 13, புதன்

மதியம் ஒரு வக்கீல் கூப்பிட்டார். மனைவிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டதாம். அவருக்குக் கண் தெரியாது. பக்கங்களை வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்துக் கேட்டுக்கொள்கிறார். நேரம் குறித்துக்கொண்ட பிறகும் போனை வைக்காமல் தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க பக்கத்துக்கு அடியில 'நூறு சதவீதம் குணம், நூறு சதவீதம் குணம்'னு சொல்லிக்கிட்டே போகுது. வேற டாக்டருங்க பேரெல்லாம் வருது. அது உங்களுதுதானா?"

அப்படி ஒரு வரியே இல்லை சார் என்றேன்.

"எனக்குக் கேக்குதே," என்றார்.

பக்கத்தின் அடிக்குப் போனேன். வெற்றிடம். மவுஸை அழுத்தி இழுத்தேன். நீலம் படர்ந்ததும், வெள்ளைமேல் வெள்ளையாக ஒளிந்திருந்த எழுத்துகள் வரிவரியாக எழுந்து நின்றன.

தளத்தை முதலில் உருவாக்கியவர் அத்தான். அக்காவின் கணவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சாயங்காலம் அவர் வந்ததும், தளத்துக்கான அவருடைய பழைய மின்னஞ்சலைத் திறக்கச் சொன்னேன். போன மாதமே தேடல் நிறுவனத்தின் எச்சரிக்கை வந்து கிடக்கிறது: மறைத்த சொற்களுக்காகத் தரவரிசையில் இறக்கிவிட்டார்கள். இத்தனை காலம் மாட்டாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

அத்தான் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "ஆரம்பத்துல ஒருத்தரும் வரலை. அவ வாசலையே பாத்துக்கிட்டு இருப்பா. என்னால பாக்க முடியலை. ஒரு வீடியோல இப்படிச் செய்யலாம்னு சொன்னாங்க."

மார்ச் 14

அக்காவிடம் சொன்னோம். கத்துவாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு வரியையும், நோயாளிகளுக்குப் படித்துக் காட்டும் அதே நிதானத்தோடு உரக்கப் படித்தாள். முடித்துவிட்டு அத்தானைப் பார்த்தாள்.

"என்கிட்ட வர்றவங்களால, ஏன் குணமாகலைன்னு எதிர்த்துக் கேக்கக்கூட முடியாது. அவங்ககிட்ட போயா இதைச் சொன்னீங்க?"

அத்தான் சாப்பிடவில்லை. அக்காவும்தான்.

மார்ச் 15

அழித்தாயிற்று. நடந்ததை எழுதி மறுபரிசீலனை கேட்டு அத்தானே அனுப்பினார்.

எனக்கு இன்னும் குடைகிறது. நான் மடித்ததும் மறைவு, அவர் வைத்ததும் மறைவு. ஒன்றை ஏற்றுக்கொண்டு இன்னொன்றுக்குத் தண்டனை ஏன்? மடித்தது படிக்க விரும்புகிறவருக்குத் திறக்கும். வெள்ளை எழுத்தோ எந்த மனிதரும் படித்துவிடக் கூடாது என்றே வைத்தது. அதுதானோ?

மார்ச் 18

வக்கீலும் மனைவியும் வந்தார்கள். பயிற்சிக்கு முன்னால் அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இதைக் கேட்ட பிறகு வேறு இடம் போவதானாலும் பரவாயில்லை என்றாள். வக்கீல் சிரித்துவிட்டார். "பாக்கறவங்களுக்கு மட்டும்தான் மறைச்சிருக்கீங்க," என்றார். அந்த அம்மா அவர் கையைத் தட்டி, கண்ணாடி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஏப்ரல் 12

தண்டனை நீங்கியது! பழைய இடம் கிடைக்கவில்லை, இரண்டாம் பக்கத்தில் நிற்கிறோம். மடித்த பகுதியில் புதிதாக ஒரு கேள்வி: எவ்வளவு காலத்தில் குணமாகும்? அக்கா சொல்லச் சொல்ல அத்தான் தட்டினார். 'தெரியாது. ஒரு மாதம் பழகிப் பார்த்தால் ஓரளவு சொல்லலாம். முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.' இதைப் போட்டால் யார் வருவார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அத்தான் வேண்டாம் என்று தலையசைத்தார்.

மே 7, செவ்வாய்

ஒரு பெண் கூப்பிட்டார். அவருடைய அப்பாவுக்குப் பேச்சு வரவில்லையாம்.

"எல்லாரும் ஆறு வாரம், எட்டு வாரம்னு போட்டிருக்காங்க. நீங்க மட்டும்தான் தெரியாதுன்னு போட்டிருக்கீங்க. நாளைக்குக் கூட்டிட்டு வரட்டுமா?"

நாளைக்கு இடமில்லை. வியாழக்கிழமை வரச் சொன்னேன்.